பொழியூரில் ஒரு கம்ப்ரஷன் கேஜ்

பாறசாலையில் ஆசிரியராக இருக்கும் நண்பர்தான் என்னைப் பொழியூருக்கு அழைத்துப் போனார். நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தென்கோடிக் கடற்கரை அது. அடுத்த ஊர் நீரோடி, தமிழ்நாடு. 1956இல் எல்லை பிரிந்தும், பழுதான வள்ள எஞ்சின்கள் இரு பக்கத்திலிருந்தும் பொழியூரிலுள்ள ஒரு சிறிய பட்டறைக்கே வருகின்றன. மெக்கானிக்கை எல்லாரும் ஆசான் என்கிறார்கள்.

அன்று மரத்தாங்கியில் மாட்டியிருந்தது 9.9 குதிரைத்திறன் கொண்ட பழைய எஞ்சின். இரண்டு சிலிண்டர். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற ரகம். “இழுவை இல்ல ஆசானே” என்றார் வள்ளக்காரர்.

ஆசான் இரண்டு ப்ளக்கையும் கழற்றி, வயர்களை எர்த் செய்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்தார். ப்ளக் துளையில் கேஜைத் திருகி, முள் ஏறி நிற்கும்வரை கயிற்றை இழுத்தார். மேல் சிலிண்டர் 90 பவுண்டு; கீழே 65. பத்து சதவீதம் குறைந்தாலே சந்தேகம்; இது கால்பங்குக்கும் மேல். கீழ்ச் சிலிண்டரில் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி இழுத்தார். முள் 80க்கு ஏறியது. எண்ணெய் இடுக்கை அடைத்ததால் வந்த ஏற்றம் அது. ஹெட் கேஸ்கட் போயிருந்தால் இப்படி ஏறாது; பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் போரும்தான் தேய்ந்திருக்கின்றன.

கண்ணாடி கீறிப்போன அந்த கேஜை அவர் துணியில் சுற்றித்தான் வைக்கிறார். “கயிறு இழுத்தா என் கைக்கே தெரியும் சார். ஆனா செலவு செய்யப்போறவன் கை சொன்னத நம்பமாட்டான். முள்ளக் காட்டணும்.”

ஹெட்டைத் திறந்ததும் கரி. மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் விட்ட கரியில் ரிங் ஒட்டிக்கொண்டிருந்தது. போரில் நெடுக்குக் கோடுகள். எரிபொருளில் எண்ணெயைக் குறைத்துக் கலந்தால் இப்படித்தான் கீறும் என்றார் ஆசான். வள்ளக்காரர் மறுக்கவில்லை. 2022இல் வெளிச்சந்தை மண்ணெண்ணெய் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியபோது மிச்சம் பிடிக்க அவருக்கு வேறு என்ன இருந்தது?

“ரிங் மட்டும் போடு” என்றார்.

“தேய்ஞ்ச போர்ல புது ரிங் நிக்காது மக்கா. நடுக்கடல்ல நின்னா என்ன செய்வ?”

2017இல் ஓகி புயல் அடித்த கரை இது. அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் பேரம் பேசவில்லை. அரை மில்லிமீட்டர் போர் பெரிதாக்கி, அதற்கேற்ற பிஸ்டன் போட முடிவாயிற்று.

பணம் மீன் ஏலக்காரரிடமிருந்து வரும். வட்டி கேட்கமாட்டார்; ஆனால் பிடிக்கிற மீனையெல்லாம் அவர் வழியாகவே விற்கவேண்டும், ஒவ்வொரு விற்பனையிலும் கமிஷன் கழியும். மீன் ஏலத்தை ஒழுங்குபடுத்தக் கேரளத்தில் 2021இல் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் எஞ்சின் இல்லாமல் கரையில் நிற்பவனுக்கு அன்றைக்கே பணம் கொடுக்க ஆளில்லாதவரை எந்தச் சட்டமும் அவன் பக்கம் நிற்காது. பழுதுபார்க்கும் செலவுக்கு நிபந்தனையில்லாத கடன் கூட்டுறவுச் சங்கத்தில், அதே நாளில், கிடைக்கவேண்டும். இதைச் செய்யாமல் மீனவர் நலன் பற்றிப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். மீனவர் கடனாளியாவது கடலில் அல்ல, இந்தப் பட்டறையில்.