இந்த மூட்டைக்குள்ள என்னண்ணே?

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கடைகள் இருக்கும் தெருவில் ஒரு நடை நடந்தால் போதும்... ஓசியிலேயே பாயசம் சாப்பிட்ட திருப்தி! குடோன்களில் பெண்கள் உட்கார்ந்து காயைத் தரம் பிரிக்கிறார்கள். 8 மில்லிமீட்டருக்கு மேல் பருமன் என்றால் அதற்கு மாப்பிள்ளை மரியாதை. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலம் கம்ப்யூட்டரில் நடக்கிறது. அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்ற ரயில்கூட 2023-ல் திரும்பி வந்துவிட்டது.

ஆனால், ஏலக்காய் மூட்டை போகிற அதே ரோட்டில் இன்னொரு மூட்டையும் போகிறது. கஞ்சா!

ஊருக்கு மேற்கே முந்தல். அங்கே ஒரு சோதனைச் சாவடி. அதைத் தாண்டினால் மலை. 17 கொண்டை ஊசி வளைவுகள் சுற்றி, 4,000 அடிக்கு மேல் ஏறினால் போடிமெட்டு. அதற்கப்புறம் கேரளா. அங்கே அவர்களுடைய எக்ஸைஸ் சாவடி. விடிவதற்குள் ஜீப்புகள் வரிசை கட்டிவிடும். உள்ளே தூக்குச்சட்டியும் கையுமாகத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம்? ஆர்.டி.ஓ.விடம் கேட்டால் ஒரு கணக்கு. டிரைவரிடம் கேட்டால், "இன்னும் ரெண்டு பேர் ஏறலாம் சார்!"

அந்த ரெண்டு பேரில் ஒருவனாக நானும் தொற்றிக் கொண்டேன்.

"மேலே கஞ்சா நிறைய விளையுதாமே, அண்ணே?"

"அதெல்லாம் அந்தக் காலம் சார். முன்னாடி மேலருந்து கீழ எறங்குச்சு. இப்பக் கீழருந்து மேல ஏறுது!"

ஒரே வரியில் முப்பது வருஷ சரித்திரத்தைச் சொல்லிவிட்டார் மனுஷர். ஏலச் செடிக்கு நிழல் வேண்டும். கஞ்சாவுக்கு வெயில் வேண்டும். அதனால் 1980, 90-களில் வருசநாடு, இடுக்கிப் பக்கம் காட்டுக்குள் மரத்தை வெட்டி வெளியாக்கி ரகசியமாகப் பயிரிட்டார்கள். போலீஸ், வனத்துறை, கேரள எக்ஸைஸ் என்று ஆளாளுக்கு மலையேறிப் போய்ப் பிடுங்கி எரித்தார்கள். இங்கே விளைச்சல் அடங்கியது. ஆனால் கேட்கிறவன் அடங்கவில்லையே! சரக்கு ஆந்திர-ஒரிசா எல்லை மலைகளிலிருந்து வர ஆரம்பித்தது. 2022 பிப்ரவரியில் ஆந்திர போலீஸ் ஒரே இடத்தில் குவித்து எரித்த கஞ்சா மட்டும் சுமார் 2 லட்சம் கிலோ. தப்பித்து வருவதில் ஒரு பங்குக்குத் தேனி மாவட்டம் நடுவழி.

தமிழகப் போலீஸும் சும்மா இல்லை. 2022 மார்ச் 28 முதல் ஒரு மாதம் 'கஞ்சா வேட்டை 2.0' நடந்தது. பொட்டலம் விற்கிறவனைப் பிடித்தால் நாளைக்கு வேறொருவன் வருவான் என்று, தென் மாவட்டங்களில் வியாபாரிகளின் பாங்க் கணக்கையும் சொத்தையும் முடக்கினார்கள். அதுதான் வலிக்கிற இடம்.

அப்படியும் முதலாளி ரோட்டுக்கு வருவதில்லை. வருகிறவன் கூலிக்குச் சுமப்பவன். அவன் கதையை டிரைவர் சொன்னார்.

"எங்ககூட ஒரு பய ஓட்டுனான் சார். தங்கச்சி கல்யாணம் வேற. வாடக கூடத் தர்றோம்னு ஒரு மூட்டைய ஏத்துனாய்ங்க. என்னான்னு கேக்கல. முந்தல்ல புடிச்சாச்சு. ஏத்திவிட்டவன் இன்னிக்கு வரைக்கும் யாருன்னு தெரியாது. அவங்க ஆத்தாதேன் மதுரைக் கோர்ட்டுக்கு நடையா நடக்குது."

மூட்டையின் எடைதான் விதி. 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டப்படி, கஞ்சா 1 கிலோ வரை என்றால் ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1 கிலோவைத் தாண்டினால் பத்து வருஷம் வரை போகலாம். 20 கிலோவைத் தாண்டினால் பத்து வருஷத்துக்குக் குறையாது. இருபது வரை நீளும். அபராதம் லட்சத்தில் ஆரம்பம். ஜாமீன் குதிரைக்கொம்பு. 'உள்ளே என்ன இருக்குன்னே தெரியாதுங்கய்யா' என்று அழுதால் போதாது. தெரியாது என்பதை அவனேதான் நிரூபிக்க வேண்டும். 35-வது பிரிவு அப்படி. வண்டியும் பறிபோகலாம்.

"இப்பல்லாம் மாமன் மச்சான் குடுத்தாலும் பிரிச்சுக் காட்டச் சொல்லிருவேன். கோவிச்சுக்கிட்டாக் கோவிச்சுக்கட்டும். ஜீப்புக்குத் தவணை நாந்தேன சார் கட்டுறேன்?"

வளைவில் ஹாரன் அடித்தபடி அவர் சொன்னது சட்டப் புத்தகத்தைவிடத் தெளிவாக இருந்தது.

சனி, ஞாயிறானால் மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஆபீஸ் இளைஞர்கள் பைக்கில் மூணாறு கிளம்புகிறார்கள். சாவடியில் சிக்குகிறவர்களில் இந்த வயசுக்காரர்களும் உண்டு. "ஒரே ஒரு பொட்டலம்தானே சார்" என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் அந்த ஒரு பொட்டலம் உங்கள் கைக்கு வர, எவனோ ஒருவன் தங்கச்சி கல்யாணத்தை நினைத்துக்கொண்டு ஒரு மூட்டையை ஏற்றியிருக்கிறான். நீங்கள் கொடுத்தது சில நூறு ரூபாய். அவன் கொடுப்பது பத்து வருஷம்.

பழகிவிட்டதா? அதற்கும் சட்டத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது. சிறிய அளவோடு மாட்டிய அடிமை, தானே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் முழுசாகச் சிகிச்சை பெற்றால் 64-ஏ பிரிவு வழக்கிலிருந்து காப்பாற்றும். மாட்டுவதற்கு முன்பே டாக்டரிடம் போனால் வழக்கே இல்லை.

போடிமெட்டுக் குளிருக்கு ஏலக்காய் டீ பிரமாதம். எத்தனை கிளாஸ் உள்ளே தள்ளினாலும் எந்தச் சாவடியிலும் இறங்கச் சொல்ல மாட்டார்கள்!