கண்ணுக்குள்ளே ஒரு மோட்டார் பம்ப்

பதிவு எழுதி ரெண்டு மாசம் ஆச்சு. ஆபீசுல ஆணி அதிகம், அதோட அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். இந்தப் பதிவுல ரெண்டும் சேர்ந்தே வருது.

நான் என்ன வேலை பார்க்குறேன்னு இங்கே விவரமா எழுதினதில்லை. யாராவது புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சதா பேட்டண்ட் கேட்பாங்க. அது நிஜமாவே புதுசா, இல்லை ஏற்கெனவே எவனாச்சும் சொல்லிட்டானான்னு பழைய பேட்டண்டுகளைத் தோண்டி ரிப்போர்ட் எழுதணும். அவ்ளோதான். சில வருஷம் முன்னாடி அப்படி ஒண்ணு வந்துச்சு. கண்புரை ஆபரேஷன் மெஷின்ல திரவ ஓட்டத்தைக் கட்டுப்படுத்துற அமைப்பு.

கொஞ்சம் டெக்னிக்கல், பொறுத்துக்கோங்க மக்களே. புரைன்னா கண்ணுக்குள்ள இருக்குற லென்ஸ் மங்கிப்போறது. நியூயார்க் டாக்டர் சார்லஸ் கெல்மன், பல் டாக்டர் பல்லைச் சுத்தம் பண்ற அல்ட்ராசோனிக் கருவியைப் பார்த்துட்டு, இதே மாதிரி லென்ஸையும் உடைச்சு உறிஞ்சிடலாமேன்னு யோசிச்சார். 1967-ல செஞ்சும் காட்டினார். அவரும் ஆன்டன் பாங்கோவும் சேர்ந்து வாங்கின பேட்டண்ட் 1971-ல வந்துச்சு.

உடைக்கிறது பாதி வேலைதான். உறிஞ்சற அளவுக்குச் சரியா உப்புத் திரவம் உள்ளே போயிட்டே இருக்கணும். வேலை நடக்கிற முன்னறையோட கொள்ளளவே கால் மில்லி பக்கம்தான். லென்ஸ் துணுக்கு ஒண்ணு ஊசி முனையை அடைச்சுக்கிட்டா, பம்ப் இழுக்க இழுக்க குழாய்க்குள்ள வெற்றிடம் ஏறும், குழாயும் லேசா நசுங்கும். துணுக்கு சட்டுன்னு உடைஞ்சு உள்ளே போனதும் நசுங்கின குழாய் விரியும். கண்ணுல இருக்குற திரவம் ஒரே இழுப்புல வெளியே போயிடும். லென்ஸ் பையோட பின்சுவர் சில மைக்ரான் தடிமன்தான். அது முன்னால வந்து ஊசியில மாட்டினா கிழிஞ்சிடும். இதுக்குப் பேர் சர்ஜ்.

நமக்கு ஊரு கோயமுத்தூர், அப்பா மோட்டார் ரீவைண்டிங் கடை வெச்சிருந்தவர். சக்‌ஷன், டெலிவரி, ஃபுட் வால்வுன்னு கேட்டு வளர்ந்தவன் நான். பிரச்சினை டக்குனு புரிஞ்சுது. அதனாலதானோ என்னவோ, தீர்வும் சப்புனு தெரிஞ்சுது :-(

தீர்வு இதுதான்: சென்சார் வெற்றிடத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கும், அடைப்புன்னு தெரிஞ்சா துணுக்கு உடையறதுக்கு முன்னாடியே பம்ப் வேகத்தைக் குறைச்சு, வால்வைத் திறந்து விடும். எனக்கு ரெண்டு பழைய ஆவணம் சிக்குச்சு. ஒண்ணுல சென்சார், இன்னொண்ணுல வால்வ். நம்ம சட்டத்துல 3(எஃப்)னு ஒரு பிரிவு: தெரிஞ்ச கருவிகளை, தனித்தனியா அதது வேலையைத் தெரிஞ்ச விதமா செய்யும்போது, சும்மா சேர்த்து அடுக்கினா அது கண்டுபிடிப்பு ஆகாது. பாத்திரம் கடையிற கருவி சம்பந்தமான பிஷ்வநாத் பிரசாத் வழக்குல, பட்டறையில செய்யுற சாதாரண முன்னேற்றத்துக்குப் பேட்டண்ட் கிடையாதுன்னு 1978-ல உச்ச நீதிமன்றமும் சொல்லிருக்கு. துறை தெரிஞ்சவனுக்கு இது சாதாரணம்னு எழுதி அனுப்பிட்டேன். கொஞ்சம் பெருமையாகூட இருந்துச்சு.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆபரேஷன் செய்யுற முறைக்கு இந்தியாவுல பேட்டண்ட் கிடையாது, பிரிவு 3(ஐ). ஐரோப்பாவுலயும் அப்படித்தான். மெஷினுக்கு உண்டு. அதனால ‘கண்ணுல அழுத்தத்தைக் காக்கும் முறை’ன்னு எழுத மாட்டாங்க, ‘இப்படிச் செய்யும்படி அமைக்கப்பட்ட கன்ட்ரோலர்’னு எழுதுவாங்க. அமெரிக்காவுல முறைக்கும் கொடுத்தாங்க. தையல் இல்லாம புரை ஆபரேஷன் பண்ற ஒரு வெட்டுக்கு பாலின்னு ஒரு டாக்டர் பேட்டண்ட் வாங்கி, சிங்கர்னு இன்னொரு டாக்டர் மேல 1993-ல கேஸ் போட்டார். பெரிய ரகளை. 1996-ல அந்த க்ளெய்ம்கள் செல்லாதுன்னு ஆச்சு. அதே வருஷம், இப்படி ஆபரேஷன் முறைக்காக டாக்டர்கள்கிட்ட நஷ்டஈடு வாங்க முடியாதபடி சட்டத்தையும் திருத்தினாங்க. மெஷின் கம்பெனிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. திரவக் கட்டுப்பாட்டு பேட்டண்டுகளை மீறிட்டதா ஏஎம்ஓ போட்ட கேஸ்ல, 2006-ல அல்கான் 12.1 கோடி டாலர் கொடுத்து சமாதானம் ஆச்சு. கால் மில்லி தண்ணிக்கு!

அப்புறம்தான் அம்மாவோட வலது கண் ஆபரேஷன். இருபது நிமிஷம்னு சொன்னாங்க, ஒன்றரை மணி நேரம் ஆச்சு. டாக்டர் வெளிய வந்து, “கடைசித் துணுக்கு உடைஞ்ச நொடியில முன்னறை சுருங்கி, பின்னாடி உறை கிழிஞ்சிடுச்சு சார்” அப்படின்னார். மத்தவங்களுக்குப் புரியலை. எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது. துணுக்கு பின்னால விழுந்ததால ரெட்டினா டாக்டர் இன்னொரு தடவை திறந்தார். இப்போ அம்மா பேப்பர்ல தலைப்பு படிப்பாங்க, பொடி எழுத்து முடியாது. டாக்டரைக் குத்தம் சொல்லலை, நல்ல கைக்கும் இது நடக்கும்.

அன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து அந்த ரிப்போர்ட்டை நினைச்சுக்கிட்டேன். என் ரெண்டு ஆவணத்துக்கும் நடுவுல பல வருஷ இடைவெளி. சேர்க்கிறது அவ்ளோ சாதாரணம்னா அத்தனை வருஷம் ஏன் யாரும் சேர்க்கலை? விடையைப் பார்த்துட்டுக் கணக்கு சுலபம்னு சொன்னவன் நான்.

உடனே பேட்டண்டுக்குக் கொடி பிடிக்கிறேன்னு நினைக்காதீங்க. ஒரு தடவை போட்டுத் தூக்கி எறியுற கேசட்டோட விலையையும் அதே கவுன்டர்லதான் கட்டினேன். மதுரை அரவிந்த்ல சின்ன வெட்டு போட்டு, இந்த மெஷினே இல்லாம கையாலயே லென்ஸை முழுசா எடுக்குற முறையில எத்தனையோ பேருக்குப் பார்வை கொடுத்திருக்காங்க. அங்கே உறிஞ்சுற பம்ப்பை நம்பித் துணுக்கை எடுக்க வேண்டியதில்லை. இருபது வருஷம் ஒருத்தனுக்கு மட்டும்னு கொடுக்குறது பெரிய விலைதான். அந்த விலைக்குத் தகுந்த சரக்கான்னு பார்க்குறதுதான் என் வேலை. அன்னிக்கு நான் அவசரப்பட்டுட்டேனோன்னுதான் உறுத்துது.

போன மாசம் இடது கண். பம்ப் எந்த வகை, பாட்டில் எவ்ளோ உயரம்னு நான் டாக்டரைக் குடைஞ்சதை அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. உள்ளே போறதுக்கு முன்னாடி, “ஏங்கண்ணு, உங்கப்பன் இருந்திருந்தா மோட்டாரைப் பிரிச்சே பார்த்திருப்பாரு” அப்படின்னாங்க. பதினெட்டு நிமிஷத்துல வந்துட்டாங்க. மறுநாள் கட்டு பிரிச்சதும், என் சட்டையில ஒரு பித்தான் போனதைச் சொன்னாங்க.

பழைய ரிப்போர்ட்டை இனி மாத்த முடியாது. ஆனா இப்போல்லாம் ‘சாதாரணம்’னு டைப் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு ஆவணத்தோட தேதியையும் ஒரு தடவை பார்த்துக்குறேன்.

டிஸ்கி: நான் வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை. தப்பு இருந்தா பின்னூட்டத்துல குட்டுங்க :-)