பெயர் இரண்டு, பணம் ஒன்று

விடுதி உணவுக்கூடத்தில் ஓர் இரவு. எதிரே அமர்ந்திருந்த தெலுங்கு நண்பர், நல்லவர், விளையாட்டாகவே கேட்டார்: "உங்கள் தமிழ்நாட்டில் எல்லாமே இலவசமாமே! அரிசி இலவசம், சைக்கிள் இலவசம். பிறகு உழைக்க யார் வருவார்கள்?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்புத்தான் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. திருவண்ணாமலைக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தவன் நான். பள்ளியில் சத்துணவு முட்டை உண்டு வளர்ந்தவன். பதினோராம் வகுப்பில் அரசு தந்த மிதிவண்டியில் நாள்தோறும் நான்கு கல் தொலைவு போய்ப் படித்தவன். அந்த வண்டி இன்றும் என் தங்கையைச் சுமக்கிறது. அதைக் கேலி செய்தபோது நானும் சேர்ந்து சிரித்தேனே, அது நன்றி மறந்த செயல் அல்லவா?

திருப்பிச் சொல்ல எனக்குச் செய்தி இல்லாமல் இல்லை. கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி என்று 1983-இல் ஆந்திரத்தில் தந்தவர் என். டி. ராமராவ். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து தெலங்கானாவிலும் 2023 டிசம்பர் முதல் ஓடுகிறது. இவற்றைச் சொல்லி வாயடைத்திருக்கலாம். ஆனால் அது வாதத்தில் வெற்றியாகுமே தவிர, கேள்விக்கு விடையாகாது.

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. என் பாடம் இயற்பியல், அதிலும் குறைகடத்திகள். படித்து முடித்தபின் வேலை எங்கே என்ற கவலையில், சில்லுத் தொழிலின் வரவு செலவுகளைப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க வியப்பே மிகுந்தது.

தடையற்ற வணிகத்தின் தாயகம் அமெரிக்கா என்று நாம் பாடம் படித்திருக்கிறோம். தொழிலில் அரசு கை வைக்கலாகாது. வல்லவன் வாழட்டும், மாட்டாதவன் கடையைக் கட்டட்டும். இதுவே அவர்கள் உலகுக்கு ஓதிய பாடம். ஓதியதோடு நிற்கவில்லை. இந்தியா தன் ஏற்றுமதியாளர்களுக்குத் தரும் சலுகைகள் விதிக்கு மாறானவை என்று 2018-இல் உலக வணிக அமைப்பில் வழக்கும் தொடுத்தார்கள். 2019 அக்டோபரில் நடுவர் குழு பெரும்பாலும் அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

மூன்றாண்டு கூட முழுதாகக் கழியவில்லை. 2022 ஆகஸ்டில் அதே அமெரிக்கா, தன் மண்ணில் சில்லு உற்பத்தியைப் பெருக்க 3,900 கோடி டாலர் ஊக்கத்தொகை ஒதுக்கிச் சட்டம் இயற்றியது. அதற்கு மேல், முதலீட்டில் 25 விழுக்காடு வரிச்சலுகை வேறு. ஊருக்கு உபதேசம், தனக்கு இல்லை!

இதனினும் என்னை உறுத்தியது இன்னொன்று. 2025 ஜூலை 4, அவர்களுடைய விடுதலைத் திருநாள். அன்று அதிபர் டிரம்ப் கையொப்பமிட்ட ஒரே சட்டம் இரண்டு காரியங்களைச் செய்தது. சில்லு நிறுவனங்களுக்கான அந்த 25 விழுக்காட்டை 35 ஆக உயர்த்தியது. உணவு உதவி பெறும் ஏழைகளுக்கோ, 54 வயது வரை இருந்த 'வேலை செய்து காட்டினால்தான் உதவி' என்னும் நிபந்தனையை 64 வயது வரை நீட்டியது. ஒரே பேனா, ஒரே மை. ஒரு கை அள்ளிக் கொடுத்தது. மறு கை கிள்ளிக் கொடுக்கவும் தயங்கியது.

தோழர்களே, அன்றுதான் எனக்கு விளங்கியது. ஏழைக்குத் தந்தால் அதன் பெயர் இலவசம். நிறுவனத்துக்குத் தந்தால் அதன் பெயர் ஊக்கத்தொகை. முன்னதால் சோம்பல் வளருமாம். பின்னதால் நாடு வளருமாம். இரண்டும் மக்கள் வரிப்பணமே!

அமெரிக்காவைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. மைக்ரான் என்னும் அமெரிக்க நிறுவனத்துக்கு நம் ஐதராபாத்திலும் அலுவலகம் உண்டு. சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் ஆலை ஒன்றைக் குஜராத்தின் சானந்தில் அமைப்பதாக 2023 ஜூனில் அது அறிவித்தது. திட்டச் செலவு 22,516 கோடி ரூபாய். இதில் நூற்றுக்கு 50 நடுவண் அரசின் பங்கு. 20 குஜராத் அரசின் பங்கு. நிறுவனம் போடுவது 30. தருவதாகச் சொன்ன நேரடி வேலைகள் 5,000. வகுத்துப் பார்த்தேன். ஒரு வேலைக்குப் பொதுப்பணம் மூன்று கோடி ரூபாய்க்கு மேல்! அதே நிறுவனத்துக்கு அமெரிக்க அரசும் 2024 டிசம்பரில் 600 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது.

அப்படியானால் ஆலை வேண்டாம் என்கிறேனா? இல்லை. அந்த 5,000 வேலைகளில் ஒன்று எனக்குக் கிடைத்தால் மகிழ்ந்து ஏற்பேன், பொய் சொல்வானேன்? ஓர் ஆலை வந்தால் அதைச் சுற்றிப் பத்துத் தொழில்கள் முளைக்கும் என்பதையும் மறுக்கவில்லை. தைவானில் டிஎஸ்எம்சி 1987-இல் பிறந்தபோது அதன் முதலில் ஏறத்தாழப் பாதி அரசுப் பணமே. ஆனால் அந்த அரசு சும்மா கொடுக்கவில்லை. பங்குதாரராக உள்ளே அமர்ந்தது. அமெரிக்காவும் 2025 ஆகஸ்டில் இன்டெல் நிறுவனத்துக்கு ஒதுக்கியிருந்த மானியத்தை முதலீடாக மாற்றி, 890 கோடி டாலருக்கு ஏறத்தாழப் பத்து விழுக்காட்டுப் பங்கு பெற ஒப்பந்தம் செய்தது. அது சரியான வழிதானா என்று அங்கேயே வாதம் நடந்தது. எனினும், 'கொடுத்தோமே, எங்களுக்கு என்ன?' என்று கேட்கும் துணிவாவது அதில் இருந்தது.

ஆகவே, கொடுக்கலாமா கூடாதா என்பதன்று கேள்வி. கொடுத்ததற்குக் கணக்கு எங்கே என்பதே கேள்வி. சில ஆயிரம் ரூபாய் மிதிவண்டிக்குத் தேர்தல்தோறும் கணக்குக் கேட்கிறோம், கேட்கட்டும், தவறில்லை. ஆயிரக்கணக்கான கோடிக்கும் அதே குரலில் கேட்க வேண்டாமா? சொன்ன வேலைகள் வந்தனவா? எத்தனை ஆண்டு நிலைக்கும்? கதவை அடைத்துவிட்டுப் போனால் பணம் திரும்புமா? பொருளாதாரம் படித்தவர்தாம் இவற்றைக் கேட்க வேண்டும் என்பதில்லை. வகுத்தல் கணக்கு தெரிந்த எவரும் கேட்கலாம்.

மறு வாரம் அதே உணவுக்கூடத்தில் நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு நான் வினவினேன்: "நாம் கட்டுகிற கட்டணத்திலா நம் ஆய்வகம் ஓடுகிறது? மக்கள் பணத்தில் அல்லவா ஓடுகிறது? இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?"

சற்று எண்ணிவிட்டு, "கல்வி உதவி" என்றார்.

"ஆக, மூன்றாவது பெயரும் கிடைத்துவிட்டது!" என்றேன். இருவரும் சிரித்தோம். இம்முறை என் சிரிப்பில் வெட்கம் இல்லை.

ஆனால் பொறுப்பு இருந்தது. நிறுவனங்களிடம் கணக்குக் கேட்பவன் தன் கணக்கை மறக்கலாமா? சத்துணவு முட்டைக்கும் மிதிவண்டிக்கும் இந்த ஆய்வகத்துக்கும் நான் நாட்டுக்குத் திருப்பித் தரவேண்டியது எவ்வளவோ இருக்கிறது. தங்கை அந்த வண்டியை மிதிக்கும்போதெல்லாம், அந்தக் கடனும் உருண்டுகொண்டே இருக்கிறது.