முள் பார்த்த பயணம்

1986 முழுப்பரீட்சை லீவில் அப்பா என்னை லாரியில் கூட்டிப்போனார். ஈரோட்டில் மஞ்சள் மூட்டை ஏற்றி, சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம் வழியாக மைசூருக்கு நடை. எங்களுடையது டாடா 1210. டாடாவும் பென்ஸும் போட்டிருந்த ஒப்பந்தம் 1969லேயே முடிந்துவிட்டது. ஆனாலும் எங்கள் சங்ககிரிப் பெரியவர்கள் வாயில் அது கடைசிவரை பென்ஸ் வண்டிதான்.

வண்டியில் எனக்கு ஒரு வேலை இருந்தது. ஸ்டியரிங்குக்கு முன்னால் வரிசையாக வட்ட மீட்டர்கள். அதில் ஒன்று ஆயில் பிரஷர் மீட்டர். "ரோட்டை நான் பாத்துக்கறேன். முள்ளை நீ பாரு அம்மிணி" என்றார் அப்பா. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை "எவ்வளவு?" என்பார். "நாலு" என்பேன். தலையாட்டிவிட்டு மறுபடி ரோட்டைப் பார்ப்பார்.

காலையில் வண்டி எடுத்ததும் முள் ஐந்துக்கு ஏறி நிற்கும். அது எழுந்து நிற்கும்வரை அப்பா ஆக்சிலேட்டர் பக்கம் காலைக் கொண்டுபோக மாட்டார். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் எல்லாம் சம்ப்புக்கு இறங்கியிருக்கும். அது மேலே வந்து பேரிங்கைத் தொடுவதற்குள் என்ஜினை முறுக்கினால் இரும்போடு இரும்பு உரசும். ஓடிச் சூடேறிய பிறகு மூன்றரை, நாலு. சூடான வண்டி ஸ்லோவில் நிற்கும்போது ஒன்றரை. ஒன்றுக்குக் கீழே வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்பது உத்தரவு.

அந்த முள் ஆயிலின் அளவைக் காட்டுகிறது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அளவுக்குக் கேஜ் கம்பி தனியாக இருக்கிறது. முள் காட்டுவது வேறு. அதை அப்பா தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும்போதுதான் விளக்கினார். ஓஸின் வாயைக் கட்டை விரலால் பாதி அடைத்தார். தண்ணீர் தென்னை மட்டை உயரத்துக்குப் பீச்சியது. விரலை எடுத்தார், காலடியிலேயே வழிந்தது. "மோட்டார் அதேதான், தண்ணியும் அதேதான். பேரிங்கு தேஞ்சா இடுக்கு பெருசாயிரும். ஆயில் சுளுவா வழிஞ்சிரும். முள்ளு இறங்கிரும்."

அந்த இடுக்கு தலைமுடி கனம்தான். அதற்குள் நிற்கிற ஆயில் படலத்தின் மேல்தான் அத்தனை பெரிய கிராங்க் மிதந்தபடி சுற்றுகிறது. அந்தப் பயணத்துக்கு முந்தின வருஷம் என்ஜின் பிரித்தபோது மேஸ்திரி கழற்றிய பழைய பேரிங் ஒன்று என் பென்சில் டப்பாவில் இருந்தது. அரை நிலா மாதிரி வளைவு. பின்பக்கம் இரும்பு, உள்பக்கம் மங்கின சாம்பல் நிறம், நடுவே கொஞ்சம் இடத்தில் மட்டும் சிவப்பாய்ச் செம்பு. செம்பு தெரிந்தால் அதன் ஆயுசு முடிந்தது என்று கணக்காம். அதைப் பார்த்தபோது, சாம்பல் பூச்சு தேய்ந்த அந்த மாதங்களில் முள்ளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்திருக்கும் என்பது புரிந்தது. இப்போதும் எனக்கு அது பெரிய அதிசயம். என்ஜினின் அடிவயிற்றில் நடப்பதை ஒரு மெல்லிய செம்புக் குழாய் மேலே கொண்டுவந்து கண்ணுக்கு நேரே எழுதிக் காட்டிவிடுகிறது.

பண்ணாரியம்மனுக்குச் சூடம் ஏற்றிவிட்டு இருட்டின பிறகு மலை ஏறினோம். திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவுகள். லோடு வண்டி ஒவ்வொரு வளைவிலும் முக்கி முனகித் திரும்பியது. நான் ஒரு கையால் வளைவை எண்ணினேன், கண்ணை முள்ளில் வைத்திருந்தேன். மூன்றரை. மூன்று. பத்தொன்பதாவது வளைவு தாண்டியதும் முள் ஒரு தடவை நடுங்கியது. அப்புறம் படுத்துக்கொண்டது.

"அப்பா, முள்ளு படுத்துருச்சு!"

அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டியை ஓரம் அணைத்து நிறுத்தி, ஸ்டாப்பரை இழுத்தார். கிளீனர் அண்ணன் குதித்துப் போய்ப் பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தார். என்ஜின் அடங்கியதும் காட்டின் சத்தம் ஒரேயடியாக வந்து சூழ்ந்துகொண்டது.

டார்ச் அடித்துப் பார்த்தால் கிளட்ச் பெடல் பளபளத்தது. அப்பாவின் செருப்பெல்லாம் ஆயில். மீட்டருக்குப் பின்னால், நட்டை ஒட்டி, செம்புக் குழாய் விரிசல் விட்டிருந்தது. "குழாய்தான் போச்சு, கெளம்பலாங்களா?" என்றார் கிளீனர் அண்ணன். அப்பா சம்மதிக்கவில்லை. குழாய் உடைந்தது மட்டும்தானா, அடியிலும் ஏதாவது போனதா என்று தெரிய வேண்டும். கேஜ் கம்பியை உருவித் துடைத்து இரண்டு தடவை பார்த்தார். மேட்டில் நிற்கிற வண்டியில் அது சரியான கணக்குக் காட்டாது. ஆயில் இருக்கிறது என்ற அளவுக்குத் தைரியம் கொடுக்கும். பிறகு குழாயின் முனையை மீட்டரிலிருந்து கழற்றி, எதிரே பனியன் துணியைப் பிடித்துக்கொண்டார். ஸ்டாப்பரை இழுத்துப் பிடித்தபடி செல்ஃப் அடிக்கச் சொன்னார். என்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் சும்மா சுற்றியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. குழாய் வாயில் ஒன்றுமில்லை. டார்ச் என் கையில் ஆடியது. அப்புறம் ஒரு குமிழி வந்தது. அதன் பின்னாலேயே கருப்பு நூல்போல ஆயில் பீச்சித் துணியில் அடித்தது.

"உசுரோடதான் இருக்குது" என்றார் அப்பா. அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

குழாயை மடித்து, ஸ்பானரால் தட்டி நசுக்கி, கம்பியால் கட்டினார். கொண்டுவந்த டின்னிலிருந்து ஒரு லிட்டர் ஊற்றினார். மிச்சம் எட்டு வளைவுகளையும் முதல் கியரில், சத்தத்தை மட்டும் கேட்டபடி ஏற்றினார். ஒருமுறை மட்டும், பழக்கத்தில், "எவ்வளவு?" என்று கேட்டுவிட்டார். இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம்.

சாம்ராஜ்நகரில் கடை திறக்கும்வரை காத்திருந்து புதுக் குழாய் மாட்டினோம். வண்டி விடியக் காலைக் குளிரில் நன்றாக ஆறியிருந்தது. ஸ்டார்ட் பண்ணிவிட்டு அப்பா மீட்டரைப் பார்க்கவில்லை, என் பக்கம் திரும்பினார்.

"சொல்லு அம்மிணி."

"ஒண்ணு... மூணு... நாலு... அஞ்சு."