உருக்கினுள் ஒளிந்த பிழை

கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் முருங்கன் வயலிலே பன்றிக் காவலுக்கென, என் அத்தான் அனுமதிப் பத்திரம் பெற்றுப் புதிய வேட்டைத் துப்பாக்கி ஒன்று வாங்கினார். தோட்டா இடாது சோதித்தபோது, காப்பு விசையைப் போட்டிருந்தும், அடிக்கட்டை தரையில் தட்டியதும் குதிரை விழுந்துவிட்டது. "அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தாற் போதும்" என்றார் விற்றவர். நான் தடுத்தேன். அரம் பட்டபின் பிழை ஆலையுடையதா, நம்முடையதா என்று யார் சொல்வது? 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தை எடுத்துக் காட்டிய பின்னரே மாற்றித் தந்தார்.

அது கண்ணுக்குத் தெரிந்த பிழை. உருக்கினுள் ஒளிந்திருப்பதோ கொடிது. அமெரிக்காவின் 1903ஆம் ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கிகளுட் சில 1917இல் சுடும்போதே வெடித்துச் சிதறின. காரணம் விந்தையானது. தொழிலாளர் காய்ச்சிய உருக்கின் சூட்டை நிறம் பார்த்தே மதித்து வந்தனர். வெயில் எறிக்கும் நாளில் தணல் மங்கித் தோன்றுமன்றோ? ஆகவே மேலும் காய்ச்சினர். வேறுபாடு பாரன்ஹைட் அளவில் 300 பாகை வரை இருந்தது! மிகையாகக் காய்ந்த உருக்கு நொறுங்கும் தன்மை அடைந்தது. 1918இல் பதனிடும் முறையை மாற்றினர்; அதற்குள் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில் மட்டும் ஏறத்தாழ 8 இலட்சம் துப்பாக்கிகள் செய்தாகிவிட்டன. அவற்றுட் பல பின்னர் வேட்டைக்காரர் கைக்கும் போய்ச் சேர்ந்தன.

பேசாலைக் கரையில் நங்கூரம் அடிக்கும் கொல்லர் ஒருவர், ஓலைத் தட்டியால் நன்கு மறைத்த இருட்டுப் பட்டறையிலேதான் இரும்பு காய்ச்சுவார். ஏனென்று என் மாணவர் கேட்டனர்.

"வெயிலுக்குள்ள இரும்பின்ர நிறம் தெரியாது, தம்பிமார்" என்றார்.