காத்திருப்பும் உறக்கமும்

எங்கள் தந்தையார் முப்பத்தொரு ஆண்டுகள் சங்ககிரியிலிருந்து லாரி ஓட்டினார். அவர் எப்போது வீடு திரும்புவார் என்பது பிள்ளைகளாகிய எங்கள் மூவருக்கும் தெரிந்ததேயில்லை. வந்தால் எவ்வளவு நேரம் உறங்குவார் என்பது மட்டும் தெரியும். மும்பை நடை முடிந்த நாளென்றால் பதினான்கு மணி நேரம். அம்மா அன்று வானொலியைத் தொடமாட்டார். அரைப்பதற்குக்கூடப் பக்கத்து வீட்டு அம்மிக்குப் போய்விடுவார். நாங்கள் படித்த கதைகளில் வரும் லாரி டிரைவர், வழியில் நிற்கும் எவரையேனும் ஏற்றிச்சென்று இறக்கிவிட்டு மறைந்துவிடுகிறார். அவர் உறங்கும் கதை ஒன்றும் எங்கள் கண்ணில் படவில்லை.

உறக்கத்தைப் பற்றிச் சட்டம் பேசியிருக்கிறது என்பதை நாங்கள் வெகுகாலம் கழித்தே அறிந்தோம். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வரையறுத்தது. நெடுந்தொலைவுத் தடங்களில், உரிய அதிகாரியின் ஒப்புதலோடு, இவை 10, 54 என நீளலாம். 5 மணி நேர வேலைக்குப் பின் அரை மணி ஓய்வு தரவேண்டும். ஒருநாள் பணி முடிந்து மறுநாள் பணி தொடங்குமுன் தொடர்ந்து 9 மணி நேரம் ஓய்வு தரவேண்டும். ஐந்து தொழிலாளருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு அச்சட்டம் செல்லாது. ஒரே லாரி வைத்திருப்போர் அதிலிருந்து நழுவினர். 1988-இன் மோட்டார் வாகனச் சட்டம் தன் 91-ஆம் பிரிவில், அதே மணிக்கணக்கைப் போக்குவரத்து வாகனம் ஓட்டும் எவருக்கும் உரியதாக்கிற்று. 2025 நவம்பர் 21-இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது 1961-இன் சட்டம் அவற்றுள் கரைந்துபோனது.

அந்தப் பழைய சட்டத்தில் எங்களை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. 'வேலை நேரம்' என்பதன் விளக்கத்தில், முனையங்களில் வெறுமனே காத்திருக்கும் நேரம் பதினைந்து நிமிடத்துக்குக் குறைவாயிருந்தால் மட்டுமே வேலையாகக் கொள்ளப்பட்டது. அதற்கு மேற்பட்ட காத்திருப்பு வேலையன்று.

தந்தையாரின் வாழ்நாளில் பாதி அந்த 'வேலையன்று' என்பதற்குள் கழிந்தது. வடக்கே ஓர் ஆலையின் வாசலில் லோடு ஏற்ற இரண்டு நாள் நின்றிருக்கிறார். வரிசை நகர்ந்தால் வண்டியும் நகரவேண்டும். ஆகையால் கண்ணயர இயலாது. லாரிக்கடியில் தார்ப்பாயை விரித்துப் படுத்தால் தரை கொதிக்கும். இரவு ஒன்பது மணிக்கு லோடு ஏறும். கூலியோ நடைக்கணக்கு. நின்ற நாட்களை ஓட்டத்தில்தான் ஈடுகட்டவேண்டும். நாள் முழுதும் 'ஓய்வில்' இருந்த மனிதர், சட்டத்தின் பார்வையில், அப்போதுதான் பணியைத் தொடங்குகிறார்!

நாங்கள் சித்தப்பா என்றழைத்த அவருடைய நண்பர் 1999-இல் தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் இறந்தார். விடியற்காலை மூன்று மணி. காவல்துறையின் தாளில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்றிருந்தது. எத்தனை மணி நேரமாக விழித்திருந்தார் என்பதை எவரும் எழுதவில்லை. தந்தையார் அத்தாளை வாங்கிப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். அன்றிரவே அவருக்கு லோடு இருந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு விதிப்படி நான்கரை மணி நேர ஓட்டத்துக்குப் பின் 45 நிமிட இடைவேளை கட்டாயம். இதனினும் எங்களைக் கவர்ந்தது அங்கே வண்டிக்குள் பொருத்தப்படும் டாக்கோகிராப் கருவி. ஓட்டம், பிற வேலை, காத்திருப்பு, ஓய்வு என நான்கையும் தனித்தனிக் குறிகளால் அது பதிகிறது. காத்திருப்புக்கென்று ஒரு குறி!

எங்களில் இளையவன் இப்போது லாரி ஓட்டுகிறான். 2025-இல் புதிதாகத் தயாராகும் கனரக லாரிகளில் டிரைவர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாயிற்று. அவன் ஓட்டுவது அதற்கு முந்தைய வண்டி. ஜிபிஎஸ் மட்டும் இருக்கிறது, டீசல் திருட்டுக்கு அஞ்சிப் பொருத்தியது. சக்கரம் எப்போது சுழன்றது, எப்போது நின்றது என்பதெல்லாம் முதலாளியின் கைப்பேசியில் தெரியும். சட்டம் கேட்கும் கணக்கில் பெரும்பகுதி அதில் இருக்கிறது, கேட்பார்தாம் இல்லை. வண்டி நாற்பது நிமிடம் நின்றால் அழைப்பு வரும்.

"என்னப்பா, வண்டி நிக்குது?"

தூங்குகிறேன் என்று அவன் சொல்வதில்லை.

"சாப்பிட்டுட்டு இருக்கறனுங்க."

அப்படிச் சொன்னால் இன்னுமொரு இருபது நிமிடம் கிடைக்குமாம்.