பாறை என்று யார் சொன்னது?

தமிழில் முதுகலை படித்துவிட்டு மொழிபெயர்ப்பில் பிழைப்பவனுக்கு வார்த்தைகள் மீது சந்தேகம் வருவது தொழில் வியாதி. இப்போதைய சந்தேகம் ‘பவளப்பாறை’ மீது. முகக் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு லட்சத்தீவின் ஆழமில்லாத கடலில் மிதந்தபடி அதைப் பார்க்க வேண்டும் என்பது 12 வயது மகளின் ஆசை. டெல்லியில் உட்கார்ந்து திட்டம் போடுவது என் வேலை.

36 தீவுகள், எல்லாம் சேர்ந்து 32 சதுர கிலோமீட்டர். நுழைய அனுமதி வாங்க வேண்டும். கொச்சியிலிருந்து கப்பல், அல்லது அகத்திக்கு விமானம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கலக்கிவிடும் என்பதால் அக்டோபருக்குப் பிறகுதான் போக வேண்டும். இதையெல்லாம் டிராவல் ஏஜென்டே சொல்லிவிடுவார். காலை எங்கே வைப்பது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

பாறை என்றால் ஏறி நிற்கலாம். ஆனால் இது உயிர். சில மில்லிமீட்டரே உள்ள எண்ணற்ற பிராணிகள் சுண்ணாம்பால் கட்டிக்கொண்ட குடியிருப்பு. உருண்டைப் பவளம் ஆண்டுக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். என் மகள் உயரத்தை எட்ட நூறு வருடங்களுக்கு மேல் ஆகும். ஒடிக்க ஒரு மிதி போதும்.

ஏற்கெனவே அடி வாங்கியவை வேறு. 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறி லட்சத்தீவுப் பவளங்கள் வெளுத்தன. உடலுக்குள் இருந்து உணவு கொடுக்கும் நுண்பாசியை வெப்பம் தாங்காமல் வெளியேற்றிவிடுவதால் வரும் வெளுப்பு இது. சூடு சீக்கிரம் தணிந்தால் தேறும், நீடித்தால் சாகும்.

ஆழமில்லாத இடம்தான் இதில் சிக்கல். கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால், இடுப்பளவு ஆழத்தில் கால் தானாகத் தரையைத் தேடும். எனவே பயணத்தின் முதல் கட்டம் டெல்லி நீச்சல் குளம். கோடை முழுக்க அப்பாவும் மகளும் பழகப்போவது ஒன்றுதான்: குழாயில் தண்ணீர் ஏறினால் நிற்காமல், மிதந்தபடியே ஊதி வெளியேற்றுவது. அங்கே லைஃப் ஜாக்கெட் உண்டு; மணல் தரை உள்ள இடத்தில் மட்டுமே இறங்குவது. சன்ஸ்கிரீன் பூச்சைக் குறைக்க முழுக்கைச் சட்டை.

அடுத்தது நாள் பார்ப்பது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். வற்றிய நேரத்தில் பவளத்துக்கு மேல் மிதக்க இடமே இருக்காது. ஏற்ற இறக்கம் குறைவாக இருப்பது அஷ்டமி, நவமியை ஒட்டி. நல்ல காரியத்துக்கு ஆகாத நாட்கள் என்று தினசரி காலண்டரைக் காட்டி மனைவி சிரிக்கிறாள். அந்த நாட்களிலும் கடல் ஏறியிருக்கும் வேளையாகப் பார்த்து இறங்க வேண்டும்.

நாங்கள் மிதக்கப்போகும் அமைதியான நீரே பவளம் தந்ததுதான். வெளி விளிம்பில் அலையை உடைப்பது அதுவே. 2011 கணக்குப்படி அங்கே வாழும் 64,473 பேருக்கும் அதுதான் மதில்.

“நாம போறப்ப எல்லாம் வெளுத்திருந்தா?” என்கிறாள் மகள். வெளுத்திருந்தாலும் பார்த்துவிட்டு வருவோம். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் கட்டிலில் ஏறி நிற்பதில்லை.